அன்னை கண்ட கடல்

நிலத்தை ஐவகையாகப் பகுத்த நம் முன்னோர் மலைக்குக் குறிஞ்சி என்றும் கடற்கரைக்கு நெய்தல் என்றும் பெயரிட்டனர். குறிஞ்சிக்குக் கூடலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தனர். இந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு ஓதி வருகின்றேன். ஆயினும், நெய்தல் நிலத்திற் பிறந்து குறிஞ்சி நிலத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருவர் என் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கின்றார் என்பதைக் கரும்பலகையின் முன் நின்ற எந்நாளிலும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் என் அன்னையார்.

எங்கள் இல்லம் பல்லேகலவில் உள்ளது. கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில் உள்ள ஊர் அது. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துடுப்பாட்ட மைதானத்தினால் இன்று உலகம் அதனை அறியும். அன்னையாருக்கோ அவ்வூரின் சிறப்பு மைதானமன்று, மகாவலிதான். அவர் பிறந்தது திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள ஒரு சிற்றூரில். மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி கடலோடு கலப்பதும் அக்குடாவிலேதான். பத்தொன்பது வயதில் மணமாகிக் கண்டிக்கு வந்த அவர், ஆற்றைக் காணும்போதெல்லாம், “இது எங்கட ஊருக்குப் போகுது” என்பார். விக்டோரியா அணை கட்டி முடிந்து பழைய தெல்தெனிய நகர் நீரில் மூழ்கிய காலத்தில், அந்தப் பெரிய நீர்ப்பரப்பைக் காட்டி, “அம்மா, இதோ உங்களுக்கு ஒரு கடல்” என்று என் தந்தையார் வேடிக்கையாகச் சொன்னாராம். அன்னையார் சற்றே பார்த்துவிட்டு, “இதுக்கு மூச்சில்லை” என்று கூறித் திரும்பிவிட்டாராம்.

போர்க்காலத்தில் கிழக்கே செல்லும் பாதைகள் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றபோது, அன்னையாரின் பிறந்தகத்தில் எஞ்சியிருந்த சுவர்களும் போயின. உறவினர் திசைக்கொருவராயினர். 2009ஆம் ஆண்டு போர் முடிந்து பாதைகள் திறந்தன. ஆனால் தந்தையாரின் நோய், அவரது மறைவு, பிள்ளைகளின் பரீட்சைகள் என ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு காரணம் முன்வந்து நின்றது. எண்பத்து மூன்றாம் வயதில் ஒருநாள் அன்னையார் என்னை அழைத்து, “தம்பி, கண் மூடுறதுக்கு முந்தி ஒருக்காக் கடலடியிலை படுத்தெழும்ப வேணும்” என்றார்.

அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் அறியேன். ஆதலால் மறுமொழி சொல்லாது உடன்பட்டேன். கண்டிமாநகர் எசலப் பெரஹராவுக்கு ஆயத்தமாகும் ஆடி மாதமே நாம் புறப்படத் தகுந்த காலம். தென்மேற்குப் பருவக்காற்று காலித்துறையிலும் கொழும்பிலும் கடலைக் கலக்கும் அம்மாதங்களிற் கீழைக்கடல் அடங்கிக் கிடக்கும். வாடை வீசும் மாரியிலோ நிலை மறுதலையாகும். நிலாவெளியில் ஒரு விடுதியைத் தெரிந்துகொண்டு எல்லா ஒழுங்குகளையும் செய்து முடித்தேன்.

அப்பொழுது அன்னையார் இரண்டாவது சொல்லைச் சொன்னார்: “வைரவனும் வருவான்.”

வைரவன் எங்கள் வீட்டு நாய். வைரவப் பெருமானுக்கு நாய் வாகனம் என்னும் முறையில் என் தந்தையார் அதற்கு அப்பெயரிட்டார். பத்து வயது கடந்த கிழநாய். அதன் கழுத்தில் ஒரு சிறு வெண்கல மணி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அன்னையார் அதனைக் கட்டியபோது கண்ணூறு கழிக்கக் கட்டுகின்றார் என்று கருதி நான் வாளாவிருந்தேன்.

விடுதிக்குத் தொலைபேசியிற் பேசினேன். நாய்க்கு இடமில்லை என்றார்கள். வேறு இரண்டு விடுதிகளும் அவ்வாறே கூறின. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1904ஆம் ஆண்டு இலங்கைக்கு அரசப் பணியாளராக வந்தவரும், பின்னாளிற் கண்டியிற் பணியாற்றியவரும், நம் நாட்டுச் சிற்றூர் வாழ்வை ஒரு நாவலாக எழுதியவருமான லெனாட் வுல்ப், வோல்டேயரின் நூற்றொகுதிகளையும் சார்ள்ஸ் என்னும் நாயையும் இங்கு கொண்டுவந்தார். அவர் ஏறிய கப்பலில் நாய்களுக்கு இடமில்லாமையால் அந்த நாய் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்தது. புத்தகப் பெட்டிக்கு இடமுண்டு, நாய்க்கு இடமில்லை என்னும் வழக்கு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

“நாலு நாள் அயல்வீட்டிலை விட்டிட்டுப் போவம், மாமி” என்று என் மனைவி நயந்து கூறினாள். அன்னையார் இசையவில்லை. “அவன் வராட்டில் நானும் வரேல்லை” என்றார். முதுமையின் பிடிவாதம் என்று எனக்குச் சினம் வந்தது. அதனை அடக்கிக்கொண்டு, திருகோணமலையில் ஆசிரியராயிருக்கும் நண்பர் ஒருவருக்கு எழுதினேன். அவர் நிலாவெளியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வாடி வீட்டை ஒழுங்கு செய்து தந்தார். இரண்டு அறை, ஓலைத் தாழ்வாரம், முன்னே மணல், மணலுக்கு அப்பால் கடல். நாயைப் பற்றிக் கேட்டதற்கு அவ்வீட்டுக்காரர், “எங்கட முற்றத்திலை ஏற்கெனவே நாலு நிக்குது, ஐயா. அஞ்சாவதா ஒண்டு நிண்டிட்டுப் போகட்டும்” என்றாராம்.

நாயைப் பேருந்தில் ஏற்ற இயலாதாகையால் வான் ஒன்றை அமர்த்தினோம். கண்டியிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 180 கிலோமீற்றர். மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கித் தம்புள்ளை, ஹபரணை கடந்து சென்றோம். காடு விலகிக் கந்தளாய்க் குளம் தோன்றியதும் என் மகளுக்குக் குளக்கோட்டு மன்னனின் கதையைச் சொன்னேன். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த அவனே அக்குளத்தையும் அமைத்தான் என்பது நம்மவர் வழக்கு. 1986ஆம் ஆண்டு அதன் அணை உடைத்துப் பெருஞ்சேதம் விளைத்ததையும் கூறினேன். அன்னையார் நாயின் தலையை மடியில் வைத்தவண்ணம் கேட்டுக்கொண்டிருந்தார். சாளரத்தின் வழியே அவர் ஒருமுறையேனும் வெளியே நோக்கவில்லை. களைப்பு என்று எண்ணினேன்.

நிலாவெளியை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது ஞாயிறு படும் வேளை. கடலிலே கதிரவன் மறையும் காட்சியை மனத்திற் கொண்டே நான் இதனைக் கற்பித்து வந்தேன். கீழைக்கரையிலோ கதிரவன் கடலில் மறைவதில்லை. கரைக்குப் பின்னால், பனைகளுக்கிடையே மறைகின்றான். கடல் ஒளியிழந்து முதலில் இருள்கின்றது. அலையின் ஓசை மட்டும் பெருகிக்கொண்டு வருகின்றது. பிரிந்தோர் இரங்குவதற்கு அவ்வேளையை ஏன் வகுத்தார்கள் என்பதை அன்றைய மாலையிலேதான் உணர்ந்தேன்.

மறுநாள் விடியுமுன் மணியோசை கேட்டு விழித்தேன். அன்னையாரின் படுக்கை வெறுமையாயிருந்தது. வெளியே ஓடி வந்தேன். வைகறை வெளிச்சத்தில் வைரவன் முன்னே மெல்ல நடக்க, பத்தடி பின்னால் அன்னையார் சென்றுகொண்டிருந்தார். நாய் நின்றால் அவர் நின்றார். மணி ஒலித்தால் அடி எடுத்து வைத்தார். கரைவலையின் கயிறு ஒன்று மணலிற் குறுக்கே கிடந்தது. நாய் அதனைச் சுற்றிச் சென்றது. அவரும் சுற்றிச் சென்றார். ஈரமணலை அடைந்து அலை காலிற் பட்டதும் அவர் நின்றுவிட்டார். அப்பொழுது கடலிலிருந்து கதிரவன் எழுந்தான். நிலாவெளிக்கு எதிரே நிற்கும் புறாத்தீவு பொன்னிறம் பெற்றது. அத்திசையை நோக்கி நின்ற அன்னையாரின் கண்கள் கூசவுமில்லை, அசையவுமில்லை.

எனக்கு உடல் நடுங்கியது. அருகிற் சென்று, “அம்மா, என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

“வெளிச்சம் தெரியுது, தம்பி.”

“புறாத்தீவு?”

அவர் மறுமொழி கூறவில்லை. சிறிது நேரம் கழித்து, “கடலுக்குக் கண் எதுக்கு? காது காணும்” என்றார்.

எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வருடம் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். “நீ பள்ளிக்கூடத்தாலை களைச்சு வாறாய். வந்தாலும் புத்தகம். இதையும் சொல்லி என்ன?” என்றார். மணி கட்டியது கண்ணூறு கழிக்கவன்று. அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து திண்ணைக்கும் அவர் அந்த ஓசையின் பின்னே நடந்திருக்கின்றார். ஒரே கூரையின் கீழ் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும் மகன் அறியாததை நாய் அறிந்திருந்தது. நாய் வராவிடில் வரமாட்டேன் என்று அவர் சொன்னது பிடிவாதமன்று. புதிய இடத்தில் அடி எடுத்து வைக்க அவருக்கு வேறு வழியில்லை.

ஞமலி, ஞாளி, சுணங்கன் என்று நாய்க்கு நிகண்டுகள் கூறும் பெயர்களை நான் வரிசையாக ஒப்புவிப்பேன். நட்பினை ஆராயும் நாலடியார், பழகிய பாகனையே கொல்லவல்ல யானையைவிட, துன்புறுத்தியவனிடத்தும் அன்பு மாறாத நாயே மேல் என்னும் கருத்துடையது என்று பொருளும் உரைப்பேன். யானையைக் கொண்டாடும் கண்டியிலே இருந்துகொண்டு அப்பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! என் வீட்டு முற்றத்தில் அதன் உரை நாள்தோறும் நடந்து சென்றதை நான் கவனிக்கவில்லை.

அன்று முதல் நான் அவர் அருகிலேயே இருந்தேன். மணலிற் படர்ந்திருந்த கொடியொன்றைக் காலால் தடவி, “அடம்பன் இன்னும் கிடக்குது” என்றார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியைச் சிறுவயதிலேயே கேட்டிருந்தேன். சங்கநூல்கள் கூறும் அடும்பும் அதுவே என்று படித்துமிருந்தேன். எனினும் முதல்நாள் மாலை அதனை மிதித்துச் சென்றவன் யான். கண்ணொளி குன்றிய அன்னையாரே எனக்கு அதனைக் காட்டினார். காலை வேளைகளிற் கரைவலை இழுப்போர் அம்பா பாடுவதைக் கேட்டு, வலை எந்த அளவில் வருகின்றது, பாரம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் சொன்னார். வீட்டுக்காரரின் தாயாரும் அவருமாகத் தாழ்வாரத்தில் இருந்து, கச்சானுக்கும் சோளகத்துக்கும் கடலின் குரல் எவ்வாறு வேறுபடும் என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். ஆழிப்பேரலையிற் பேரப்பிள்ளை ஒன்றைப் பறிகொடுத்தவர் அம்மூதாட்டி. “பிறகும் எப்பிடி இந்தக் கடலடியிலை இருக்கிறியள்?” என்று அன்னையார் கேட்டார். “வேறை எங்கை போறது, அக்கா? எடுத்ததும் அதுதான், சோறு போடுறதும் அதுதான்” என்றார் அவர். நெய்தலின் இரங்கலுக்கு நான் கேட்ட உரைகளுள் அதனினும் சுருக்கமானதை அறியேன்.

மூன்றாம் நாள் மாலை திருக்கோணேசுவரம் சென்றோம். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற் பதிகம் பாடிய தலம் அது. 1622ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் அதனை இடித்து, அக்கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். 1963ஆம் ஆண்டு புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. பிரடெறிக் கோட்டைக்குள்ளே மான்கள் திரிவதால், மகள் வைரவனைப் பிடித்துக்கொண்டு வாயிலுக்கு வெளியே நின்றாள். அன்னையார் என் தோளைப் பற்றிக்கொண்டு படியேறினார். வழிபாடு முடிந்ததும், “கொட்டியாரம் எந்தப் பக்கம்?” என்று வினவினார். அவர் முகத்தை இரு கைகளாலும் பற்றித் தென்திசைக்குத் திருப்பிவிட்டேன். அங்கே குடாவுக்கு அப்பால் நீலக்கோடாகக் கரை தெரிந்தது. அவர் நெடுநேரம் அவ்வாறே நின்றார்.

அக்குடாவுக்கு வேறொரு தந்தையும் மகனும் வந்த வரலாறு என் நினைவில் எழுந்தது. 1660ஆம் ஆண்டு, கப்பற்றலைவர் நொக்ஸ் என்பவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் கொட்டியாரத்திற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கடலிலேயே வாழ்ந்த அம்முதியவர் மறு ஆண்டே, கடலின் ஓசை எட்டாத உள்நாட்டு ஊர் ஒன்றில் நோயுற்று இறந்தார். சவக்குழியின் பெரும்பகுதியை மகனே தன் கைகளால் அகழ்ந்தான். பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1679ஆம் ஆண்டில், அவன் தப்பிச் சென்றான். 1681ஆம் ஆண்டு அவன் வெளியிட்ட நூலால் உலகம் கண்டி இராச்சியத்தை அறிந்தது. தந்தையைக் கடலுக்கு மீட்டுச் செல்ல அவனுக்குக் கதியில்லை. கடைசிவரை அருகே இருந்தான். எனக்கோ பாதையும் இருந்தது. வான் அமர்த்தப் பணமும் இருந்தது. கடந்த ஆண்டுகளும் இருந்தன.

திரும்பும் நாளிற் கன்னியா வெந்நீரூற்றுக்களுக்குச் சென்றோம். ஒன்றற்கொன்று அருகருகே ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றன் சூடும் வேறு வேறு. வாளியால் மொண்டு அன்னையாரின் கால்களுக்கு வார்த்துக்கொண்டே, மகளுக்கு அத்தலத்தின் கதையைக் கூறினேன். இராவணன் தன் அன்னை வழிபடும்பொருட்டுக் கோணமலையையே பெயர்த்துச் செல்ல முனைந்தான். அதனைத் தடுக்க எண்ணிய திருமால் அந்தணர் வடிவில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று கூறினார். இராவணன் துயருற்று அங்கேயே ஈமக்கடன் செய்ய முற்பட்டான். அவர் கோலால் ஊன்றிய ஏழிடங்களிலும் வெந்நீர் ஊற்றெடுத்தது. இன்றும் பெற்றோருக்குப் பிதிர்க்கடன் செய்வோர் இங்கு வருகின்றனர்.

கதையைக் கேட்டிருந்த அன்னையார், “தாய் மலையைக் கேட்டவளோ?” என்றார்.

“கதையில் அப்படி இல்லை, அம்மா.”

“செத்துப்போனாள் எண்டு ஆரோ வந்து சொன்னா, வீட்டை போய் ஒருக்காப் பாக்கிறதில்லையோ?”

என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையைப் பெயர்க்க வலிமையுள்ளவன், கடன் கழிக்க விரைந்தவன், வீட்டிற்குச் சென்று தாயை ஒருமுறை பார்த்திருந்தால் ஏழு கிணறும் வேண்டியிருந்திரா. இக்கதையைப் பலமுறை மேடையிற் சொன்ன எனக்கு இந்த வினா ஒருநாளும் தோன்றியதில்லை.

கண்டிக்குத் திரும்பிய மறுவாரம் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஒரு கண்ணில் வெண்புரை முற்றியிருந்தது. மற்றக் கண்ணைக் கண்ணழுத்த நோய் கெடுத்திருந்தது. வெண்புரையை அறுவையால் நீக்கிப் பார்வையை மீட்கலாம். கண்ணழுத்தத்தால் இழந்த பார்வையோ மீளாது. எஞ்சியதை மருந்தாற் காக்கலாம், அவ்வளவே. இந்நோய் வலியின்றி ஓரப் பார்வையிலிருந்து தொடங்கி உள்நோக்கித் தின்று வருவது. பலர் அறியும்போது காலம் கடந்துவிடுகின்றது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்று கூறி மருத்துவர் என் கண்களையும் சோதித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் அந்தக் கண்ணிலும் ஓரளவு பார்வையைக் காத்திருக்கலாம் என்று அவர் சொன்னதை அன்னையார் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைப் படிக்கக் கூடும். அவர்களுக்குக் கூறுவது ஒன்றே. வீட்டில் முதியோர் இருப்பின் இன்று மாலை அவர்கள் நடப்பதைச் சற்றே நோக்குங்கள். எதைப் பற்றிக்கொண்டு நடக்கின்றார்கள், எந்த ஓசையைப் பின்பற்றுகின்றார்கள் என்று பாருங்கள். அவர்கள் கேட்டுத்தான் தரவேண்டும் என்று காத்திராதீர்கள், அவர்கள் கேட்கமாட்டார்கள்.

வெண்புரை நீக்கிய கண்ணின் கட்டை அவிழ்த்து அன்னையாரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, வைரவன் மணியொலிக்க வாயிலுக்கு ஓடி வந்தான். அவர் குனிந்து அவன் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி உற்றுப் பார்த்தார்.

“உனக்கும் நரைச்சுப் போச்சுதே, வைரவா” என்றார்.

மணியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். “வேண்டாம், கிடக்கட்டும்” என்றார். இன்றும் அது ஒலிக்கின்றது. அதன் ஓசை கேட்கும்போது நான் புத்தகத்தை மூடிவிட்டுத் திண்ணைக்கு எழுந்து செல்கின்றேன்.